‘ஸ்கின் கலர்’ எங்கே இருக்கிறது?

சென்ற கல்வியாண்டில் கலைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம். ஏழாம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் படம் வரையச் சொல்லியிருந்தேன். நான் அறிவியல் ஆசிரியர். ஓவியத்தில் ஈடுபாடு உண்டு என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி அப்பா, அம்மா, பாட்டி, தான் என நால்வரை வரைந்திருந்தாள். அப்பா ராணுவத்தில் இருக்கிறார். எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஒருவராவது ராணுவத்தில் இருப்பார். அப்பாவின் சீருடையில் பச்சைத் திட்டு, பழுப்புத் திட்டு எல்லாவற்றையும் பொறுமையாகத் தீட்டியிருந்தாள். ஆனால் நான்கு முகங்களும் ஒரே நிறத்தில், வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தன.

“அப்பா யூனிஃபார்ம் அப்படியே இருக்கும்மா. முகத்துக்கு ஏன் இந்தக் கலர் போட்ட?”

“ஸ்கின் கலர் சார்.”

“அப்பா இந்தக் கலர்லயா இருப்பாரு?”

என்னைப் பார்த்தாள். கையிலிருந்த வண்ணக்குச்சியைப் பார்த்தாள். “இல்ல சார். அப்பா கறுப்பு. ஆனா ஸ்கின் கலர் இதுதானே சார்?”

எனக்குப் பதில் வரவில்லை. பத்து நிமிடம் முன்பு, பக்கத்து வரிசைப் பையனிடம் “முகத்துக்கு ஸ்கின் கலர் எடுத்துக்கோடா” என்று சொன்னவன் நான்தான். அதே வாரம் என் வீட்டு மேசையிலும் அதே தவறு உலர்ந்துகொண்டிருந்தது. அந்த மேசையிலிருந்து நான் கற்றுக்கொண்டதை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பதினாறில் ஒரு பங்கு மனிதன்

சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது என் பொழுதுபோக்கு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டியைக் கொடுத்தான். உள்ளே, ரெசினில் வார்த்த அமெரிக்கப் போர்வீரன் ஒருவனின் உருவம், தனித்தனித் துண்டுகளாக இருந்தது. அளவு 1:16. அதாவது 176 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் இங்கே 11 சென்டிமீட்டர். இந்தக் கலையில் இதைப் பெரிய அளவு என்றே சொல்வார்கள். முகத்தின் சுருக்கம், சட்டையின் மடிப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும் என்பதால் தவறும் தெளிவாகத் தெரியும்.

தொடக்க வேலைகள் எளியவை. வார்ப்பு அச்சிலிருந்து ஒட்டிவரும் எண்ணெய்ப்பசை போக, துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும். ரெசின் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் நல்லது. கை கால்களைச் சிறு கம்பி செருகி ஒட்டியபின், முழு உருவத்துக்கும் கறுப்பு அடிப்பூச்சு கொடுப்பேன். அது உலர்ந்ததும், தலைக்கு நேர் மேலே இருந்து மட்டும் வெள்ளையை மெல்லத் தெளிப்பேன். உச்சிவெயில் எங்கே விழும், எங்கே விழாது என்பது அப்போது தெரிந்துவிடும். தோளும் மூக்கும் வெளுத்திருக்கும்; முகவாயின் அடியும் அக்குளும் கறுத்திருக்கும்.

இந்த வெளிச்ச வரைபடம்தான் மீதி வேலைக்கெல்லாம் அடிப்படை. பதினோரு சென்டிமீட்டர் உருவத்தின் மீது விழும் அறை விளக்கின் ஒளி, ஆறடி மனிதன் மீது விழும் வெயிலைப்போல அழுத்தமான நிழலைத் தராது. ஆகவே மேடுகளை வெளிர்நிறத்தாலும் பள்ளங்களை அடர்நிறத்தாலும் தீட்டி, இல்லாத வெயிலை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

மறைப்பவர்கள் செய்யும் தலைகீழ் வேலை

இயற்கை இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஒரு மீனையோ மானையோ பாருங்கள். முதுகு அடர்நிறம், வயிறு வெளிர்நிறம். வெயில் மேலிருந்து விழுகிறது. முதுகு வெளிச்சமாகவும் வயிறு நிழலாகவும் தெரிந்தால்தான் அது உருண்டு திரண்ட ஓர் உடல் என்று வேட்டை விலங்கின் கண் கண்டுகொள்ளும். முதுகு அடர்ந்தும் வயிறு வெளுத்தும் இருந்தால் ஒளியும் நிழலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உடல் தட்டையாகத் தெரியும், பின்னணியில் கரைந்துபோகும்.

இதை 1896-ல் கட்டுரையாக எழுதி விளக்கியவர் ஓர் ஓவியர். அமெரிக்காவைச் சேர்ந்த ஆபட் தேயர். உருண்டையாகக் காட்டும் வித்தை தெரிந்தவருக்குத் தட்டையாகக் காட்டும் வித்தையும் பிடிபட்டிருக்கிறது. பறவையியலாளர்களுக்கு அவர் இதைச் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைக் கொண்டு செய்து காட்டினார். நம் வகுப்பறைக்குப் பொருத்தமான சோதனை அது, பின்னால் சொல்கிறேன்.

போர்க்களம் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் கற்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லைப் பகுதியில் அமைக்கப்பட்ட கைட்ஸ் படையினர் மண் நிற உடை அணிந்தார்கள். ‘காக்கி’ என்ற சொல்லே தூசு, மண் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோதும் பிரெஞ்சுக் காலாட்படையினர் சிவப்புக் காற்சட்டையோடுதான் களம் புகுந்தார்கள். அந்தச் சிவப்புக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. மறு ஆண்டே சீருடை மங்கிய நீலமாக மாறியது. 1915-ல் பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. அதன் பொறுப்பில் இருந்த கிரான் த ஸெவோலாவும் ஓர் ஓவியர்தான்.

என் மேசையில் இருந்த வீரனின் சீருடைக்கு ‘வுட்லேண்ட்’, அதாவது காட்டுநிலக் கோலம் என்று பெயர். மணல் நிறம், பச்சை, பழுப்பு, கறுப்பு என நான்கு நிறங்கள். இதன் மூல வடிவம் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் ஆய்வகத்தில் 1948-ல் உருவானது. வியட்நாம் போரில் பயன்பட்டது. பிறகு திட்டுகளைப் பெரிதாக்கி 1981-ல் பொதுச் சீருடையாக்கினார்கள். ஏன் பெரிதாக்க வேண்டும்? அடர்ந்த காட்டில் எதிரி அருகில் இருப்பான்; அங்கே சிறு திட்டுகள் போதும். தொலைவிலிருந்து பார்க்கும்போது சிறு திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமாகிவிடும். உடலின் வெளிக்கோடு முழுதாகத் தெரிந்துவிடும்.

உருமறைப்பின் உயிர் அந்த வெளிக்கோட்டில்தான் இருக்கிறது. நம் மூளை ஒரு பொருளை முதலில் அதன் விளிம்பைக் கொண்டே அடையாளம் காண்கிறது. கறுப்புத் திட்டு ஒன்று தோளின் விளிம்பில் வெட்டி ஓடினால், ‘இங்கே தோள் முடிகிறது’ என்ற செய்தி மூளைக்குக் கிடைக்காது. சிறுத்தை, நம் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சி என எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. 2004-ல் அமெரிக்க ராணுவம் பாலை, நகரம், காடு என எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சாம்பல் சாயலுள்ள ஒரு கோலத்தைக் கொண்டுவந்தது. எல்லா இடத்துக்கும் என்று செய்தது எந்த இடத்துக்கும் சரியாகப் பொருந்தவில்லை. 2015 முதல் வேறு கோலத்துக்கு மாறத் தொடங்கி, 2019-ல் அதை முழுதாகக் கைவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே நிறம் என்று ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

உடைந்த உருவத்தை மீண்டும் காட்டுவது

சீருடையைத் தீட்டும்போது ஒரு சிக்கல் எழுகிறது. உருவத்தைச் சிதைப்பதற்காகவே செய்த கோலம் அது. அதை அப்படியே தீட்டினால், கோலம் தன் வேலையைச் செய்துவிடும். சட்டை, பை, கை எல்லாம் ஒன்றாகக் குழம்பி, ஒன்றும் தெரியாது. கோலமும் இருக்க வேண்டும், உடலும் தெரிய வேண்டும். நான் கடைப்பிடிக்கும் வரிசை இது.

முதலில் மணல் நிறத்தை முழுதும் பூசுவேன். அதன்மேல் பச்சைத் திட்டுகள், பிறகு பழுப்பு, கடைசியில் மரக்கிளைபோல் நீண்டு வளையும் கறுப்பு. திட்டுகளின் அளவையும் பதினாறால் வகுக்க வேண்டும். நிஜச் சட்டையில் 16 சென்டிமீட்டர் நீளத் திட்டு இங்கே 1 சென்டிமீட்டர்தான். பலர் இங்கே பெரிதாகப் போட்டுவிடுவதால் சட்டை, பூப்போட்ட திரைச்சீலைபோல் ஆகிவிடும். சுத்தமான கறுப்பையும் பயன்படுத்துவதில்லை. சிறிய பொருளில் அது ஓட்டைபோல் தெரியும், அடர்சாம்பல் போதும்.

அடுத்தது கவனிப்பில் வரும் நுட்பம். கோலம் அச்சிட்ட துணியை வெட்டித்தான் சட்டை தைக்கிறார்கள். ஆகவே தையல் ஓரத்திலும் பைகளின் விளிம்பிலும் கோலம் தொடராது. வெட்டுப்பட்டு வேறு துண்டு தொடங்கும். இதை மட்டும் சரியாகச் செய்தால் பார்ப்பவர் ‘இது துணி’ என்று உடனே நம்பிவிடுகிறார்.

பிறகு நிழலும் ஒளியும். நீர்த்த பழுப்பை மடிப்புகளின் பள்ளத்தில் ஓடவிடுவேன். அது எல்லா நிறங்களின் மீதும் ஒரே நிழலாக விழும். மேடுகளை அப்படி ஒரே நிறத்தால் தொட முடியாது. பச்சைத் திட்டின் மேட்டுக்கு வெளிர்பச்சை, பழுப்பின் மேட்டுக்கு வெளிர்பழுப்பு, கறுப்பின் மேட்டுக்குச் சாம்பல் என ஒவ்வொன்றுக்கும் அதன் வெளிர்நிறத்தையே கொடுக்க வேண்டும். முழங்கால், முழங்கை, தோள் ஆகிய இடங்களில் துணி வெளுத்திருக்கும். நான்கு மாலைகள் இதற்கே ஆயின.

முகம்: நான் செய்த தவறும் திருத்தமும்

முகத்துக்கு நான் அவ்வளவு யோசிக்கவில்லை. பெட்டி மேலிருந்த படத்தில் வெள்ளைக்கார முகம். என்னிடமிருந்த வண்ணப் புட்டி ஒன்றில் ‘அடிப்படைத் தோல் நிறம்’ என்று அச்சிட்டிருந்தது. எடுத்துப் பூசினேன். அது உலர்ந்துகொண்டிருந்த வாரத்தில்தான் அந்த மாணவி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

‘அடிப்படை’ என்றால் யாருடைய அடிப்படை? புட்டியின் மேலிருந்த அந்தச் சொல்லை நாற்பது வயதுக்கு மேலான நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஏற்றுக்கொண்டதில் என்ன வியப்பு? அமெரிக்கப் படையிலும் எல்லா நிறத்தவரும் இருக்கிறார்கள். கறுப்பின வீரர்களைத் தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைத்திருந்த முறையை முடிவுக்குக் கொண்டுவரும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1948-ல். வுட்லேண்ட் கோலத்தின் மூல வடிவம் உருவான அதே ஆண்டு. என் வீரன் வெளிறிய முகத்தோடுதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அன்று இரவு முகத்தின் பூச்சை நீக்கினேன். என் கையை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.

முதல் முயற்சி தோல்வி. பழுப்பில் கறுப்பைக் கலந்து நிழலும், வெள்ளையைக் கலந்து ஒளியும் கொடுத்தேன். முகம் சாம்பல் பூத்து, உயிரில்லாமல் போனது. ஏன் என்று யோசித்தபோதுதான், எட்டு ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடமே பதிலாக வந்தது.

தோல் என்பது சுவரில் அடித்த வண்ணம் போன்றதன்று. ஒளி புகக்கூடிய அடுக்குகளால் ஆனது. மேலடுக்கில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அதில் பழுப்பு, கறுப்பு சார்ந்தது ஒரு வகை. செம்மஞ்சள் சார்ந்தது மற்றொரு வகை. இதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையில் உண்டாக்கிப் பரப்புகின்றன என்பதில்தான் வேறுபாடு. அதற்குக் கீழே இரத்த நாளங்களின் சிவப்பு. மேற்பரப்பில் எண்ணெய்ப்பசையின் மினுமினுப்பு. இவை எல்லாவற்றையும் தாண்டி வெளியே வரும் ஒளியைத்தான் ‘தோலின் நிறம்’ என்கிறோம். கறுத்த தோலுக்குள்ளும் சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, நிழலில் நீலமும் இருக்கிறது. கறுப்பை ஊற்றி அவற்றை நான் அணைத்துவிட்டிருந்தேன்.

இரண்டாம் முயற்சியில் செம்பழுப்பு, காவி மஞ்சள், ஒரு துளி நீலம் சேர்த்து அடிநிறம் கலந்தேன். நிழலுக்குக் கறுப்புக்குப் பதிலாக அடர்நீலமும் கருஞ்சிவப்பும். ஒளிக்கு வெள்ளைக்குப் பதிலாகக் காவி மஞ்சளும் சிறிது ஆரஞ்சும். எல்லாவற்றையும் பால்போல் நீர்க்கக் கரைத்து, ஒன்று உலர்ந்தபின் அடுத்தது என்று பத்துப் பன்னிரண்டு அடுக்குகள். மூக்கு நுனி, காது, கன்னம், கீழுதடு ஆகிய இடங்களில் மிக மெல்லிய சிவப்பு. சவரம் செய்த தாடையில் நீலச்சாம்பலின் சாயல் மட்டும். கறுத்த தோலில் பளபளப்பு தெளிவாகத் தெரியும் என்பதால், நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் வானத்தின் நீலம் லேசாகக் கலந்த ஒரு சிறு ஒளி. உள்ளங்கை மட்டும் வெளிர்நிறம். அது எல்லாரிடமும் அப்படித்தான்.

கண்ணுக்கும் கணக்கு உண்டு. நம் விழிக்கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர், இங்கே 1.5. கருவிழி வட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். இங்கே முக்கால் மில்லிமீட்டர். இதற்கு மிகச் சிறிய தூரிகைதான் வேண்டும் என்று நினைப்போம். அப்படியில்லை. சிறு தூரிகையில் வண்ணம் தாளுக்கு வருமுன்பே உலர்ந்துவிடும். வயிறு பருத்து, நுனி கூர்ந்த நடுத்தரத் தூரிகையே நல்லது. வெண்விழிக்குச் சுத்த வெள்ளை கூடாது. தோல்நிறம் சிறிது கலந்த வெள்ளை. மேலிமையின் கீழ் மெல்லிய நிழல். இல்லாவிட்டால் வீரன் பேயைக் கண்டவன்போல் விழிப்பான்.

மூன்று வாரத்துக்குப் பின் அந்த முகம் யாரோ ஒருவராக ஆனது. பார்த்த என் மனைவி, “உங்க சித்தப்பா சாயல் தெரியுது” என்றார்.

ஒரு ராணுவவீரர் சொன்ன திருத்தம்

உருவத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய் அறிவியல் ஆய்வக மேசையில் வைத்தேன். பெற்றோர் கூட்டத்தன்று அந்த மாணவியின் அப்பாவும் வந்திருந்தார். விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறார். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“நல்லா இருக்கு சார். ஆனா ஒண்ணு. நெத்தி, மூக்கு, கன்னம் எல்லாம் வெளிச்சமா வெச்சிருக்கீங்க. நாங்க பயிற்சிக்குப் போறப்ப இதுக்கு நேர்மாறா பூசுவோம்.”

“எப்படிங்க?”

“மேடா இருக்குற இடம்தானே பளபளன்னு காட்டிக் கொடுக்கும்? அங்க இருட்டா பூசணும். கண்ணுக்குக் கீழ, தாடைக்குக் கீழ வெளிச்சமா பூசணும். அப்பதான் முகம் முகமா தெரியாது.” சிரித்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார்: “கறுப்பா இருக்கிறவன் பூச வேணாம்னு சில பேரு நினைப்பாங்க. அதெல்லாம் இல்ல சார். எல்லாத் தோலும் வெயில்ல மின்னும்.”

தேயரின் கோட்பாட்டை அவர் தன் முகத்தில் பூசிப் பழகியிருக்கிறார். நான் புத்தகத்தில் படித்தேன். அடுத்த வாரம் எட்டாம் வகுப்புக்கு அவரையே பேசச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினார். நான் நடத்தியதைவிட நன்றாகவே புரிந்தது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

விலை உயர்ந்த உருவமோ வெளிநாட்டு வண்ணமோ தேவையில்லை. சாதாரணப் போஸ்டர் வண்ணங்கள் போதும். நான் செய்து பார்த்த நான்கு செயல்பாடுகளைச் சொல்கிறேன்.

*கிழங்குச் சோதனை (6 முதல் 8 வகுப்பு வரை).* இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை எடுங்கள். ஒன்றுக்கு முழுதும் மைதான மண்ணின் நிறம். மற்றதற்கு மேலே அடர்ந்தும் பக்கங்களில் மெல்லக் குறைந்தும் அடியில் வெளுத்தும் வரும்படி அதே நிறம். இரண்டையும் கம்பியில் செருகி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெயிலில் நிறுத்துங்கள். பத்து மீட்டர் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நிறக் கிழங்கு பளிச்சென்று தெரியும், மற்றது மங்கும். பிறகு இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் பிள்ளைகளே காரணம் சொல்லிவிடுவார்கள்.

*குச்சி வேட்டை (3 முதல் 5 வகுப்பு வரை).* பல்குத்தும் குச்சிகளில் இருபதைப் பச்சையாகவும் இருபதைச் சிவப்பாகவும் தோய்த்து உலர்த்துங்கள். புல்லில் தூவி, ஒரு நிமிடத்தில் எத்தனை பொறுக்க முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அட்டவணை, பட்டை வரைபடம் என்று கணக்குப் பாடமும் கூடவே வந்துவிடும். அதே குச்சிகளைச் செம்மண்ணில் தூவினால் விடை மாறும். எந்த நிறமும் தன்னளவில் மறைக்கும் நிறம் இல்லை; இடம்தான் தீர்மானிக்கிறது.

*அளவு மாற்றம் (9 ஆம் வகுப்பு).* ஒவ்வொருவரும் தம் உயரம், கை நீளம், விழியின் அகலம் ஆகியவற்றை அளந்து பதினாறால் வகுத்து, தம் உருவத்தை வரைபடத் தாளில் வரையலாம். விகிதம் என்ற பாடம் தன் உடம்பிலேயே இருப்பது அவர்களுக்குப் பிடிக்கிறது.

*என் நிறம் (எல்லா வகுப்புக்கும்).* சிவப்பையும் மஞ்சளையும் கலந்தால் ஆரஞ்சு. அதில் துளி நீலம் சேர்த்தால் பழுப்பு. மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை ஆகியவற்றைக் கூட்டிக் குறைத்து, தன் முன்கையின் நிறம் வரும்வரை ஒவ்வொருவரும் கலக்க வேண்டும். வண்ணத்தைத் தோலில் பூச வேண்டாம். காகிதத் துண்டில் பூசி உலர்த்தி, கையருகே வைத்து ஒப்பிடலாம். முன்கையின் வெளிப்புறத்துக்கு ஒன்று, உட்புறத்துக்கு ஒன்று, உள்ளங்கைக்கு ஒன்று என மூன்று துண்டுகள். வெயில் படும் இடமும் படாத இடமும் வேறு வேறு என்று அப்போது தெரிகிறது. தன் ஒரு கையிலேயே மூன்று நிறம் இருக்கும்போது, ‘நீ என்ன கலர்?’ என்ற கேள்விக்கே பொருள் குறைந்துவிடுகிறது.

இந்தக் கடைசிச் செயல்பாட்டில் மட்டும் சில எச்சரிக்கைகள், என் அனுபவத்திலிருந்து. காகிதத் துண்டுகளை வெளுப்பிலிருந்து கறுப்பு என்று வரிசைப்படுத்தாதீர்கள். முதல் முறை நான் அப்படிச் செய்துவிட்டு, கடைசியில் வந்த பையனின் முகத்தைப் பார்த்ததும் கலைத்துவிட்டேன். துண்டின் பின்னால் பெயர் எழுத வேண்டாம். ஒருவர் நிறத்தை இன்னொருவர் கலக்க வேண்டாம். யாராவது கேலி செய்தால் அங்கேயே நிறுத்தி, தோலின் அடுக்குகளைப் பற்றிப் பேசுங்கள். ஆசிரியரும் தன் நிறத்தைக் கலந்து மேசைமேல் வைக்க வேண்டும். அது மிக முக்கியம்.

கலந்த நிறத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னேன். கருப்பட்டி, புளியங்கொட்டை, சுட்ட செங்கல், கேழ்வரகு, மழை பெய்த மண் என்று வந்தன. எந்த வண்ணப் பெட்டியிலும் இல்லாத பெயர்கள்.

பெயரை மாற்றுவோம்

அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம், ‘சதை நிறம்’ என்று பொருள்படும் பெயரில் விற்றுவந்த வண்ணக்குச்சிக்கு 1962-ல் ‘பீச்’ என்ற பழத்தின் பெயரைச் சூட்டியது. 2020-ல் பல்வேறு தோல் நிறங்களுக்கென்றே 24 குச்சிகள் கொண்ட பெட்டியைக் கொண்டுவந்தது. நம் வகுப்பறைகளிலோ பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அந்த ஒரு குச்சி ‘ஸ்கின் கலர்’தான். அந்தப் பெயரை வாய்வழியாகக் கடத்துவது நாம்தான். அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் குழந்தை, தன் தோலும் தன் அப்பாவின் தோலும் ஏதோ விதிவிலக்கு என்று தானாகவே முடிவுசெய்துவிடுகிறது. யாரும் திட்ட வேண்டியதில்லை, கேலி செய்ய வேண்டியதில்லை.

எதிரியின் கண்ணுக்குத் தப்ப ஒரு வீரர் தன் முகத்தை மறைத்துக்கொள்கிறார். அதற்குத் தேவை இருக்கிறது. தன் வகுப்பறையில், தன் குடும்பத்தின் படத்தில், ஒரு பிள்ளை தன் முகத்தை மறைத்துக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

இப்போது நான் அந்தக் குச்சியை ‘வெளிர் ஆரஞ்சு’ என்றே சொல்கிறேன். சொல் பழக ஒரு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை நாக்கு தவறியது. பிள்ளைகளே திருத்தினார்கள்.

அந்த மாணவி படத்தை மறுபடி வரைந்தாள். இந்த முறை சீருடைக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு ஒரு பழுப்பு, அம்மாவுக்கு ஒன்று, பாட்டிக்கு இன்னொன்று என்று தட்டில் கலந்து கலந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. “இன்னும் பாட்டி முடியல சார், நாளைக்குப் பண்ணட்டுமா?” என்று கேட்டாள். தட்டைக் கழுவாமல் அப்படியே எடுத்து வைத்தேன்.